சாப்பாட்டு வரிசையில் எடுத்த படம்

என் மாமியாருக்குக் குற்றப் பின்னணி உண்டு என்பது அரூர் ரோட்டில் வைத்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய தம்பி மகள் கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போய்க்கொண்டிருந்தோம். அத்தை சீர் என்பதால் முன்சீட்டில் அவர்தான். மடியில் பழத்தட்டு, தலை நிறைய மல்லிகை, வாயில் வெற்றிலை. வேனுக்குள் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் இருந்தார்கள்.

வழியில் வாகனச் சோதனை. இளம் போலீஸ்காரர் ஒருவர் டிரைவரின் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, கைப்பேசியைத் தூக்கி அவர் முகத்தைப் படம் பிடித்தார். முகத்தைக் காட்டினால் பழைய வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று சொல்லும் செயலி அது. டிரைவர் மேல் ஒன்றும் இல்லை. அதோடு அவர் எங்களை அனுப்பியிருப்பார். ஆனால் கேமராவைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் சும்மா இருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"அவரை மட்டும் புடிச்சா எப்படி சாமி? எங்களையும் ஒண்ணு புடி. பட்டுப்பொடவை கட்டிக்கிட்டு வந்திருக்கோம்" என்றார் மாமியார், தலைப்பைச் சரிசெய்துகொண்டே.

அந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே எடுத்தார். அடுத்த நொடி சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பேசியைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தார்.

"அம்மா, உங்க மேல கேஸ் ஏதாச்சும் இருக்குதுங்களா? குற்ற எண் போட்டு உங்க படம் வருது."

"எங்க, காட்டு" என்று மாமியார் எட்டிப் பார்த்தார். "நானேதான். தண்ணிக்கு மறியல் பண்ணப்ப எடுத்தது. அப்ப எனக்கு இம்புட்டு நரை இல்லை பாரு."

பின்சீட்டிலிருந்த எங்கள் தெருப் பெரியம்மாவுக்கு இதைக் கேட்டதும் பொறுக்கவில்லை. என் படமும் இருக்குமே, பாருங்க என்றார். இருந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக ஒரு வேன் நிறையக் குற்றவாளிகள் வந்து வாய்த்ததில் அந்தப் பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. உள்ளே ஏறி வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டே போனவர் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த பாப்பாவிடம் வந்து நின்றார். அவளுக்கும் படம் வந்தது.

பாப்பா என்று நாங்கள் கூப்பிடுவது என் நாத்தனாரை. கணவருக்குக் கடைசித் தங்கை. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்திலும் குண்டு எறிதலிலும் தேறி, நன்னடத்தை விசாரணைக்காகக் காத்திருந்தாள். அந்தப் படிவம் அப்போது எங்கள் வீட்டு பீரோவில் நிரப்பாமல் இருந்தது. தன் முகத்துக்குக் கீழே குற்ற எண்ணைப் பார்த்ததும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழைய கேஸ் எப்போதோ முடிந்துவிட்டது என்று நான் எடுத்துச் சொன்ன பிறகு வேனை விட்டார்கள். கல்யாணத்தில் பாப்பா சாப்பிடவே இல்லை. மொய் எழுதும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மறியலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் எங்கள் தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. போர்வெல் தண்ணீரைக் குடித்தால் பல்லில் கறை ஏறும் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். மனு கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் காலிக் குடங்களோடு நல்லம்பள்ளி ரோட்டில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்து, கைது என்று சொல்லி, பஸ்ஸில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டது. மறியல் என்றால் மண்டபம், மண்டபம் என்றால் மதியச் சாப்பாடு, சாயந்திரம் விடுதலை. நம் ஊரில் எழுதாத சட்டம் இது. மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து பேசி எத்தனை நாளாயிற்று என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிது. மாமியாரோடு மனம் விட்டுப் பேசியதே அந்த மண்டபத்தில்தான்.

பாப்பா மறியலுக்கு வரவில்லை. அன்று அவளுக்குக் கல்லூரியில் பரீட்சை. முடித்து வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது, சாவி கைதாகிப் போயிருக்கிறது. அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த சாவியை வாங்கத்தான் மண்டபத்துக்கு வந்தாள். உள்ளே போவதற்கு யாரும் தடுக்கவில்லை. வெளியே வரத்தான் விடவில்லை. "வந்ததுதான் வந்தே, சாப்ட்டுட்டு உக்காரு" என்று அவளைப் பிடித்து வரிசையில் நிறுத்தியவர் என் மாமியார். எலுமிச்சைச் சாதப் பொட்டலம். வரிசையின் முனையில் ஒரு போலீஸ்காரர் பெயரைக் கேட்டுக்கொண்டு, பொட்டலம் கைக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு படம் எடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "ஓட்டல்காரருக்குக் கணக்குக் காட்டணும்மா" என்றார். நாங்களும் நன்றாக நிமிர்ந்து நின்று எடுத்துக்கொண்டோம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். அதை அப்படியே செய்து காட்டியவள் எங்கள் பாப்பா.

எங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். வாய்தாவுக்கு வாய்தா தருமபுரி கோர்ட்டுக்குப் போய்வந்தோம். எங்களுக்காகக் காசு வாங்காமல் வாதாடிய வக்கீலம்மா, நான் டைப்பிங் படித்திருக்கிறேன் என்று தெரிந்து அவர் அலுவலகத்திலேயே வேலை கொடுத்தார். வழக்கில் எல்லோருக்கும் விடுதலை. எனக்கு வேலையும் கிடைத்து வழக்கும் போனது. அதனால் அந்த மறியலை நினைத்தாலே எனக்குச் சிரிப்புதான் வரும், அரூர் ரோடு வரைக்கும்.

கல்யாணத்திலிருந்து திரும்பியதும் நேராக வக்கீலம்மாவிடம் போனோம். அவர் பழைய வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பாப்பாவின் பெயரே இல்லை. பொட்டலத்துக்காக எடுத்த படங்களை யாரோ மொத்தமாக அள்ளி, வழக்கின் எண்ணைப் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். அப்படியானால் நல்லதுதானே என்றேன்.

"அதுலதான் சிக்கல்" என்றார் வக்கீலம்மா. "உங்களுக்கெல்லாம் விடுதலைன்னு கோர்ட் உத்தரவு இருக்கு. விடுதலையானவங்க படத்தை அழிக்கணும்னு சட்டத்துல கேக்கலாம். இவளை எந்த கோர்ட்டும் விடுதலை பண்ணலை. ஏன்னா இவ மேல கேஸே இல்லை."

ரோட்டை மறித்த எங்களுக்குக் கையில் காகிதம் இருந்தது. ஒன்றுமே செய்யாதவளுக்கு ஒரு காகிதமும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. விதைக்கு என்று கேட்டு வாங்கிப் போன நிலக்கடலையை வறுத்துத் தின்றால் எங்கள் ஊரில் பஞ்சாயத்தே கூடும். சாப்பாட்டுக் கணக்குக்கு என்று சொல்லி வாங்கிய முகத்தைக் குற்றவாளிகளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், கேட்க ஆளில்லை. மறுநாளே நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். எழுத்தராக இருந்த ஏட்டு பொறுமையானவர். நான் பேசி முடிக்கும்வரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எங்ககிட்ட ஏத்துற பட்டன்தாங்க இருக்கு. எடுக்குற பட்டன் எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியாது" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. படம் இருந்த இடம் அந்த ஸ்டேஷன் இல்லை. எங்கோ ஒரு சர்வர். அதனிடம் போய்ச் சண்டை போட முடியாது.

அதற்குள் வீட்டில் படிவம் வேறு பூதமாக நின்றது. எப்போதாவது கைது செய்யப்பட்டோ காவலில் வைக்கப்பட்டோ இருக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. என் கணவர், "இல்லைன்னு எழுது. உம்மேலதான் கேஸ் இல்லையே. இருக்குதுன்னு எழுதுறது வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை" என்றார். மாமியாரும் அதே கட்சி. ஆனால் வக்கீலம்மா எச்சரித்திருந்தார். வழக்கு இருந்தால்கூடச் சில சமயம் தப்பிக்கலாம், மறைத்தது தெரிந்தால் வேலை போய்விடும். படிவம் 'இல்லை' என்று சொல்லி, கைப்பேசி 'உண்டு' என்று காட்டினால், மனுஷியை நம்புவார்களா கைப்பேசியை நம்புவார்களா?

பாப்பா மேசையில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சந்தேகம் வேறு. "அண்ணி, அன்னைக்கு என்னை வெளிய விடலையே. கதவைச் சாத்தி வெச்சாங்க. அது காவல்தானே?" என்றாள்.

"அதை நீ ஏண்டி இப்ப ஞாபகம் வெச்சிருக்கே?" என்றார் மாமியார்.

"நடந்துச்சில்லம்மா."

சாவி வாங்கப் போனதையும், சாயந்திரம்வரை மண்டபத்தில் இருந்ததையும், சாப்பிட்டதையும், படம் எடுத்ததையும் உள்ளது உள்ளபடி எழுதினாள். கேள்விக்குக் கீழே விட்டிருந்த இடம் போதாமல் தனித்தாள் இணைத்தாள். எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. ஓடி ஓடிக் கால் வீங்கி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்த நாட்களெல்லாம் என் கண் முன்னால் வந்து போயின. ஒரு பொட்டலம் சோற்றில் எல்லாம் போய்விடக் கூடாதே என்று கும்பிட்டேன்.

மாமியார் சும்மா உட்காரவில்லை. மகளை வரிசையில் நிறுத்திய கை தன்னுடையது என்ற உறுத்தல் அவருக்கு. தெருவைக் கூட்டினார். ஒரு காலையில் மறியல் பெண்கள் எல்லோரும் டவுன் பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் நின்ற காவலர், மறுபடியும் தண்ணீர் வரவில்லையோ என்று பயந்து உள்ளே ஓடினார். இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. புதிதாக மாற்றலாகி வந்தவர். மாமியார் முன்னால் போய் நின்றார்.

"மேடம், ரோட்டுல உக்காந்தது நாங்க. குடத்தை அடுக்கினது நாங்க. கேஸு எங்களோடது. எங்க பொண்ணை இதுல சேக்காதீங்க. வேணும்னா இன்னொருக்கா எங்களைப் புடிச்சுக்கோங்க."

"அம்மா, அந்தக் கேஸ் முடிஞ்சு போச்சு. உங்க மேலயே ஒண்ணும் இல்லைங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுமே இல்லீங்களா?" என்று பெரியம்மா கேட்ட குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. கல்யாண வீட்டில் இரண்டு நாளாக அவர் அதைச் சொல்லித்தான் கௌரவமாக உலாவிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அந்தக் குற்ற எண்ணைப் போட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். முதலில் முகம் இறுக்கமாக இருந்தது. நாலைந்து படம் போனதும் கையால் வாயை மூடிக்கொண்டார். எல்லோர் கையிலும் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். ஒருத்தி பிரித்தே விட்டாள். பெரியம்மா வாயில் ஏற்கெனவே ஒரு கவளம் இருந்தது. பாப்பா ஒரு கையில் பொட்டலமும் இன்னொரு கையில் பரீட்சை அட்டையும் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தபடி நின்றாள்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல சாப்பாட்டுப் பொட்டலத்தோட நிக்கிற அக்யூஸ்டை நான் பாத்ததில்லை" என்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்று சொன்னார். இந்தச் செயலியால்தான் போன மாதம் பஸ் ஸ்டாண்டில் நகை பறித்தவனைப் பிடித்தார்களாம். கெட்டது என்று தூக்கிப் போட முடியாது. போட்டு வைக்கிறவர்கள் எதைப் போடுகிறோம் என்று பார்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்றார். எனக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை. நகை பறிகொடுத்தவளும் யாரோ ஒரு வீட்டுப் பெண்தானே. ஆனால் பறித்தவனைத் தேடும்போதெல்லாம் எங்கள் பாப்பாவின் முகத்தையும் சேர்த்துப் புரட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது அவ்வளவு சுலபமாகச் சமாதானம் ஆகவும் முடியவில்லை.

அவரால் படத்தை அழிக்க முடியாது. ஆனால் அவள் அந்த வழக்கில் சம்பந்தப்படவில்லை, படம் தவறாக ஏற்றப்பட்டது, எல்லோருடைய படத்தையும் நீக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். எல்லோருடைய படத்தையும் என்று சேர்க்கச் சொன்னவள் நான். எங்களுடையது இருந்துவிட்டுப் போகட்டும், பாப்பாவுடையதை மட்டும் சீக்கிரம் எடுங்கள் என்று பெண்கள் அவசரப்பட்டார்கள். நான் விடவில்லை. நாளைக்கு இன்னொருத்தி வீட்டில் ஒரு பிள்ளை வேலைக்குப் போகும், அப்போது இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டுமா?

அதற்குப் பிறகும் பாப்பாவைத் தருமபுரிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான் துணைக்குப் போனேன். அறைக்குள் அவளை மட்டும்தான் விட்டார்கள். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே அதிகாரி அவள் எழுதிய தனித்தாளைச் சத்தமாகப் படிப்பது கேட்டது. எலுமிச்சைச் சாதம் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு கேட்டார்.

"நாளைக்கு நீயே டூட்டியில நிக்கறே. உன் போன்ல ஒருத்தர் முகத்துக்கு இப்படி வருது. என்ன பண்ணுவே?"

"அவங்களை மொதல்ல கேப்பேனுங்க, சார்."

"என்னன்னு?"

"இது எப்படி வந்துச்சுன்னு. என்னை யாரும் அப்படிக் கேக்கலீங்க."

அதிகாரியிடம் இப்படியா பேசுவது, சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்தேன். அப்புறம் நாற்காலி நகரும் சத்தம். போகலாம்மா என்றார். வெளியே வந்தவளுக்கு அவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. குனிந்து கையெழுத்துப் போட்டார் அண்ணி, அவ்வளவுதான் பார்த்தேன் என்றாள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் பஜ்ஜி தின்றோம். அவள் நாலு தின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு ஒழுங்காகப் பசித்தது.

வேலைக்கான ஆணை வந்தது. மாமியார் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். குழாயடியில் கொடுக்கும்போது, மகள் போலீஸ் ஆனது மறியலால்தான் என்பதுபோல் ஒரு கதை கட்டினார். யாரும் மறுக்கவில்லை. படங்கள் அழிந்தனவா என்பதற்கு மட்டும் பதிலே வரவில்லை. நான் இரண்டு முறை நினைவூட்டல் டைப் செய்து அனுப்பினேன். பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. பரிசீலனை என்றால் என்னவென்று கோர்ட்டுப் பக்கம் வேலை செய்கிற எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாப்பா பயிற்சி முடித்து வேறு மாவட்டத்தில் சேர்ந்தாள். முதல் விடுப்பில் வந்தபோது தலைமுடி இறுகப் பின்னியிருந்தது, நடையே மாறியிருந்தது. அவள் கைப்பேசியிலும் அந்தச் செயலி இருந்தது. அதைக் கேட்டதும் மாமியார் சாப்பிட்ட கையைக் கழுவாமல் வந்து உட்கார்ந்தார்.

"உன் மூஞ்சியைப் புடிச்சுப் பாரு. இருக்குதா போயிடுச்சான்னு தெரிஞ்சிடுமில்ல?"

இதற்குத்தானே இத்தனை நாள் அலைந்தோம் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன். பாப்பா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்படியெல்லாம் எடுத்துப் பாக்கக் கூடாதும்மா."

"உன் மூஞ்சிதானே? யாரு கேக்கப் போறா?"

"யாரு மேலயாச்சும் சந்தேகம் இருந்தாத்தான் பாக்கணும்" என்றாள். "எனக்கு என் மேல சந்தேகம் இல்லையே."

மாமியார் எழுந்து கையைக் கழுவப் போனார்.